ஏழாவது கேள்வி

நாய்க்கு என்ன விலை போடுவது என்று கேட்டான், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன். அவன் திரையில் ஒரு மெம்ஃபிஸ்காரரின் திவால் மனு இருந்தது. அமெரிக்காவில் கடன் தாங்காமல் நீதிமன்றத்துக்குப் போகிறவர் தன்னிடம் உள்ள அத்தனையையும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். கட்டில், பாத்திரம், டிவி, துப்பாக்கி, துணிமணி, நகை என்று இறங்கிக்கொண்டே வந்து பதின்மூன்றாவது வரியில் வளர்ப்புப் பிராணிகள். அந்த மனிதர் "கலப்பின நாய், வயது 8" என்று தன் கையால் எழுதி, விலைக்கான இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"பூஜ்யம் போடலாமா அக்கா?"

"போடு. நாய் பார்க்கப் போவதில்லை."

இது 2017ல். அந்த நாயை நான் மறந்திருக்க வேண்டும். மறக்க விடவில்லை.

நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கர்களின் திவால் மனுக்களைத் தயாரிப்பவள். 2014 ஜூனில் இந்த வேலைக்கு வந்தேன். மாலை ஆறரைக்குத் தொடங்கி அதிகாலை மூன்றரைக்கு முடியும். அங்குள்ள வக்கீல் அலுவலகங்கள் கட்சிக்காரரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, கடன் அறிக்கை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பும். நாங்கள் அவற்றைப் படிவங்களில் ஏற்றித் திருப்பி அனுப்புவோம். வக்கீல் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவார். கட்சிக்காரர் எவருடனும் நாங்கள் பேசியதில்லை. ஆனால் ஒருவரின் வங்கிக் கணக்கை வரி வரியாகப் படிப்பது அவர் வீட்டுத் திண்ணையில் குடியிருப்பதைப் போன்றது. எந்தக் கிழமை பெட்ரோல் போடுகிறார், எந்த வாரம் கை வறண்டது, அடகுக் கடைக்கு எத்தனை முறை போனார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். (இங்கே நான் எழுதும் ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாயை மட்டும் மாற்றவில்லை.)

அம்மாவுக்கு இந்த வேலையை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "மஞ்சள் கடிதாசி எழுதிக் கொடுக்கிற வேலையா?" என்றாள். அதுதான். எங்கள் குடும்பத்தில் ஒரு மாமா நூல் வியாபாரத்தில் நொடித்துப்போய் மஞ்சள் கடிதாசி கொடுத்தவர். 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே போதும், நீதிமன்றத்தில் கைதூக்கிவிடலாம். சட்டம் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் மாமா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மா இன்றும் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். அவளிடம் போய், அமெரிக்காவில் 2024ல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திவால் மனுக்கள் என்றால், "ஐயோ பாவம், எல்லோரும் ஊரை விட்டுப் போய்விட்டார்களா?" என்று கேட்கிறாள்.

அந்த மனுக்களில் மிகப் பெரும்பாலானவை தனிநபர்களுடையவை. அவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். சட்டப் புத்தகத்தின் அத்தியாய எண்களே அவற்றின் பெயர்கள். எங்கள் அலுவலகத்தில் செவன், தர்ட்டீன் என்போம். செவனில், யாரும் தொடக் கூடாதென்று சட்டம் விலக்கு அளித்த பொருள்கள் போக மீதியிருந்தால் விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களிடம் விற்பதற்கு எதுவுமே இருக்காது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் கிரெடிட் கார்டு, ஆஸ்பத்திரிக் கடன்களிலிருந்து விடுதலை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியில் சொல்கிற அதே சொல். தர்ட்டீனில், மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், பணத்தை வாங்கிக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்டி ஒருவரிடம் மாதாமாதம் பணம் கட்டி, தவணையை முழுதாக முடித்த பிறகுதான் டிஸ்சார்ஜ். இரண்டிலும் மனு பதிவான நொடியிலேயே கடன்காரர்களின் கை கட்டப்படும். ஸ்டே வாங்க நம் ஊரில் எவ்வளவு அலைகிறோம்! அங்கே அது தானாகவே வந்துவிடுகிறது.

வேலைப் பட்டியலை நான் ஒரு கணக்குத் தாளில் வைத்திருப்பேன். செவனுக்குப் பச்சை, தர்ட்டீனுக்கு ஆரஞ்சு. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் பட்டியலை மாநில வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒஹாயோ வரிசை வயல் மாதிரி பச்சைப் பசேலென்று இருந்தது. டென்னசியின் மேற்கு மாவட்டம், அதாவது மெம்ஃபிஸ், சாமியார் மடத்துக் கொடி போல ஒரே ஆரஞ்சு. அலபாமாவும் ஜார்ஜியாவும் அதே நிறத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. எங்களிடம் வருவது சில அலுவலகங்களின் மனுக்கள்தான், தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு நீதிமன்றங்கள் வெளியிடும் புள்ளிவிவரத்தைத் தேடிப் பார்த்தால் நாடு முழுக்க அதே சித்திரம். தெற்கில் தர்ட்டீன் தடித்தும் வடக்கிலும் மேற்கிலும் செவன் தடித்தும் கிடந்தன. நாடு முழுவதற்கும் ஒரே திவால் சட்டம் என்று அவர்களின் அரசியல் சாசனமே சொல்கிறது. பிறகு ஏன் இந்த நிற வேறுபாடு?

என் மண்டையைக் குடைந்தது இரண்டு கோப்புகள்தான். ஒரே வாரத்தில் வந்தவை. ஒருவர் ஒஹாயோவில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் பெண். மற்றவர் அந்த நாய்க்காரர், மெம்ஃபிஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குபவர். இருவருக்கும் சொந்த வீடு கிடையாது. கடன் இருவருக்கும் ஏறத்தாழ இருபதாயிரம் டாலர், ஆளுக்கு ஒரு பழைய கார், அதன் மேல் தவணை பாக்கி. அந்தப் பெண் செவன் போட்டார், நான்கு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். நாய்க்காரர் தர்ட்டீன் போட்டார். அறுபது மாதத் தவணை.

காரணம் படிவத்திலேயே இருக்கிறது, வரிசைதான் தலைகீழ். முதல் படிவமான 101ல் ஏழாவது கேள்வி: எந்த அத்தியாயத்தின் கீழ் மனுச் செய்கிறீர்கள்? எட்டாவது: கட்டணத்தை எப்படிக் கட்டப் போகிறீர்கள்? ஒன்பதாவது: கடந்த எட்டு ஆண்டுகளில் இதற்கு முன் மனுச் செய்திருக்கிறீர்களா? படிவம் போட்டவர்கள், மனிதன் முதலில் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு காசுக்கு வழி பார்ப்பான் என்று நினைத்திருக்கிறார்கள் போலும். எனக்கு வரும் கோப்புகளில் பணம்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறது.

கட்டணங்களைப் பாருங்கள். நீதிமன்றத்துக்குச் செவனுக்கு 338 டாலர், தர்ட்டீனுக்கு 313. இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வக்கீல் பணத்தில். செவனில் வக்கீலுக்குத் தர வேண்டியதை மனுவுக்கு முன்பே எண்ணி வைத்துவிட வேண்டும், வழக்கமாக ஆயிரம் டாலருக்குக் குறையாது. ஏனென்றால் மனுப் போட்ட பிறகு வக்கீல் பாக்கியும் மற்றக் கடன்களோடு சேர்ந்து ரத்தாகிவிடும்! கடனை ரத்து செய்து தருபவர் தன் கூலியைக் கடனாக விட்டுவைக்க முடியாது. தர்ட்டீனில் அந்தச் சிக்கல் கிடையாது. வக்கீல் கூலி மொத்தத்தில் செவனைவிடப் பல மடங்கு என்றாலும், அதை மாதத் தவணைக்குள்ளேயே செருகி டிரஸ்டி மூலமாக வாங்கிக்கொள்ளலாம். ஆகவே தெற்கில் பல வக்கீல்கள் கையில் காசு வாங்காமலே மனுப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஒஹாயோப் பெண்ணுக்கு மார்ச் மாதம் வரி திரும்பி வந்தது, அதை அப்படியே வக்கீலிடம் கொடுத்தார். (பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எங்களுக்குத் தீபாவளி. வருமான வரி திரும்பக் கிடைத்தவர்களெல்லாம் அந்தப் பணத்தில் திவாலாவார்கள். விடுப்பு கேட்டால் மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.)

மெம்ஃபிஸ் அலுவலகத்தின் பெண் உதவியாளரிடம் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். இவருக்குச் செவன் போதாதா? அவர் கோபப்படவில்லை. "ஆயிரம் டாலர் சேர்க்க இவருக்கு எட்டு மாதம் ஆகும். காரை இழுத்துப் போகிறவன் வெள்ளிக்கிழமை வருகிறான்" என்றார். கார் இல்லாமல் அந்த ஊரில் வேலைக்குப் போக முடியாது, வேலை போனால் எதுவுமே இல்லை. வீட்டுத் தவணை பாக்கி வைத்தவருக்கும் கார் பறிபோகவிருப்பவருக்கும் தர்ட்டீன் உண்மையிலேயே கைகொடுக்கும், பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டிப் பொருளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரைக் காப்பாற்றுவதற்காக ஐந்தாண்டு விரதம் எடுத்தவர்களில் பாதிப் பேர்கூட அதை முடிப்பதில்லை. இடையில் ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் டிரான்ஸ்மிஷன் கோளாறு, இரண்டு தவணை தவறியது, மனு தள்ளுபடி. கடன்கள் வட்டியோடு திரும்பி வந்து வாசலில் நிற்கும். அதுவரை கட்டியதில் கணிசமான பங்கு வக்கீல் கூலிக்கும் டிரஸ்டி கழிவுக்கும் போயிருக்கும்.

இந்த வழக்கம் மெம்ஃபிஸுக்கு நேற்று வந்ததும் இல்லை. 1930களில், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், அலபாமாவின் பர்மிங்ஹாமில் வாலன்டைன் நெஸ்பிட் என்ற நீதிமன்ற நடுவர், கூலிக்காரர்கள் சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாகக் கடனைக் கட்டி முடிக்கும் ஏற்பாடு ஒன்றை நடத்திப் பார்த்தார். அதைச் சட்டமாக்கிய 1938ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் பெயரையே வைத்தார்கள், சாண்ட்லர் சட்டம். வால்டர் சாண்ட்லர் எந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் தெரியுமா? மெம்ஃபிஸ். பின்னாளில் அந்த ஊருக்கே மேயரானார். கடனைத் துடைத்தெறிவதைவிடக் கட்டி முடிப்பதே கௌரவம் என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. இதைப் படித்த இரவு எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அவரும், "வாரம் நூறு ரூபாயாவது கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்தான்.

தெரசா சல்லிவன், எலிசபெத் வாரன், ஜே வெஸ்ட்புரூக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990களிலேயே இந்த நிற வேறுபாட்டுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: உள்ளூர்ச் சட்டப் பண்பாடு. சட்டம் ஒன்றானாலும், நீதிபதி, டிரஸ்டி, வக்கீல் எல்லாரும் சேர்ந்து இந்த ஊரில் இப்படித்தான் என்று ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். வாரன் பிற்பாடு செனட்டரானது எல்லோருக்கும் தெரியும். அதைவிட என்னை உறுத்தியது 2012ல் வந்த இன்னொரு ஆய்வு. வருமானம், சொத்து, வீடு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கறுப்பினத்தவர் தர்ட்டீன் போடுவது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மனுப் படிவத்தில் இனத்துக்கான கட்டமே கிடையாது. ஆகவே எங்கள் திரையில் அது தெரிய வாய்ப்பில்லை. என் கணக்குத் தாளில் தெரிந்தது ஆரஞ்சு நிறம் மட்டும்.

சிகாகோ இன்னொரு தினுசு. முதன்முதலில் அந்த ஊர்க் கோப்பு வந்தபோது, கடன்காரர் பட்டியலில் முதல் பெயரே மாநகராட்சி. பார்க்கிங் அபராதம்! இதற்காகவா ஒருவர் திவாலாவார் என்று சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அபராதம் கட்டாவிட்டால் இரண்டு பங்காகும், பிறகு சக்கரத்தில் பூட்டு, பிறகு வண்டி பறிமுதல். பத்து டிக்கெட் சேர்ந்தால் ஓட்டுநர் உரிமமும் போகும் என்ற விதிகூட இல்லினாயில் 2020 வரை இருந்தது. செவனில் அரசுக்குக் கட்ட வேண்டிய அபராதம் அழியாது, தர்ட்டீனில் வழியுண்டு. எனவே வண்டி வேண்டுமா, தர்ட்டீன் போடு. 2007ல் மாநகராட்சிக்கான பாக்கியோடு தர்ட்டீன் போட்டவர்கள் சுமார் ஆயிரம் பேர், பத்தே ஆண்டில் அது பத்தாயிரத்தைத் தாண்டியது. ஸ்டே வந்துவிட்டதே, பிடித்து வைத்திருக்கும் வண்டியை மாநகராட்சி திருப்பித் தர வேண்டாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சும்மா பிடித்து வைத்திருப்பது மட்டும், சொத்தைக் கைவசப்படுத்துவதைத் தடுக்கும் ஸ்டேயின் பிரிவை மீறியதாகாது என்று 2021 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு எங்கள் குழுவில் ஒருவன், "அப்படியானால் அடுத்தவன் வீட்டைப் பிடித்துப் பூட்டி வைத்திருந்தால் அதையும் ஆக்கிரமிப்பு என்று சொல்ல மாட்டார்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

டெக்சாஸ் கோப்பு வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். வீட்டு விலக்குக்கு அங்கே பண உச்சவரம்பே இல்லை. நகரத்தில் பத்து ஏக்கர் வரை, கிராமத்தில் குடும்பத்துக்கு இருநூறு ஏக்கர் வரை, எவ்வளவு மதிப்பானாலும் வீடு கடன்காரரிடமிருந்து தப்பும். ஃபுளோரிடாவிலும் பண உச்சவரம்பு கிடையாது. இதற்காகவே கடைசி நேரத்தில் குடிபெயர்கிறார்கள் என்று 2005ல் சில கடிவாளங்கள் போட்டார்கள். டெக்சாஸில் கிரெடிட் கார்டுக் கடனுக்காகச் சம்பளத்தில் கைவைக்கவும் முடியாது. மற்றப் பல மாநிலங்களில் நீதிமன்ற உத்தரவோடு கால் பங்கு வரை பிடித்துக்கொள்ளலாம், அந்தப் பிடித்தம் தொடங்கிய வாரமே ஆள் வக்கீலைத் தேடி ஓடி வருவார். எங்கள் கோப்புகளில் பாதியில் மேலே குத்தியிருக்கும் தாள் அந்த உத்தரவுதான்.

இதனால்தான், மனுக்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்த மாநிலத்தார் ஊதாரிகள் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மனுக்கள் கடனைப் பின்தொடர்வதில்லை, வசூலைப் பின்தொடர்கின்றன. கொரோனாக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை போனவர்கள் எத்தனை கோடி! ஆனாலும் 2019ல் ஏழே முக்கால் லட்சமாக இருந்த மனுக்கள் 2022ல் நான்கு லட்சத்துக்கும் கீழே போயின. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. அரசு உதவித் தொகை வந்தது, வீட்டுப் பறிமுதல்களும் மாணவர் கடன் வசூலும் நிறுத்தி வைக்கப்பட்டன, நீதிமன்றங்கள் மூடியிருந்தன. வசூல்காரன் வரவில்லை, திவாலும் வரவில்லை. எங்கள் குழு இருபத்திரண்டு பேரிலிருந்து ஒன்பது பேராகச் சுருங்கியது. அமெரிக்கர்கள் நொடித்துப் போகாததால் கோயம்புத்தூரில் வேலை இழந்தவர்களைப் பற்றி யாராவது ஆய்வு செய்தால் பேட்டி கொடுக்கத் தயாராக இருக்கிறேன். 2005ல் இதற்கு நேர்மாறு. அக்டோபர் 17ஆம் தேதி சட்டம் கடுமையாகப் போகிறது என்று தெரிந்து ஊரே முண்டியடித்தது. அந்த ஆண்டு இருபது லட்சத்துக்கும் மேல், அடுத்த ஆண்டு ஆறு லட்சம் சொச்சம். ஓராண்டில் மக்கள் திருந்திவிட்டார்கள் என்று யாராவது சொல்வார்களா?

2022க்குப் பிறகு எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் ஏறிக்கொண்டு வருகிறது. குழுவில் மறுபடி ஆள் எடுக்கிறோம். அந்தப் பையன் இப்போது பையன் அல்ல, புதியவர்களுக்கு அவன்தான் பாடம் எடுக்கிறான்.

நாய்க்காரரின் முதல் மனு பதினான்கு மாதத்தில் தள்ளுபடியானது. ஒன்பதாவது கேள்வியைப் பற்றி முன்பே சொன்னேன். 2019ல் அவர் கோப்பு மறுபடி வந்தபோது அங்கே ஒரு வழக்கு எண் ஏறியிருந்தது. முந்தைய தள்ளுபடிக்கு ஓராண்டு ஆகாததால் ஸ்டே முப்பது நாளுக்குத்தான், நீட்டிக்கத் தனியாக ஒரு விண்ணப்பம் தயாரித்தோம். பதின்மூன்றாவது வரியில் "கலப்பின நாய், வயது 10". இந்த முறை அவரே பூஜ்யம் போட்டிருந்தார்.

சென்ற மாதம் மூன்றாவது முறையாக வந்தது. இம்முறை நானே எடுத்துக்கொண்டேன். கிடங்கு மாறியிருக்கிறது, காரும் மாறியிருக்கிறது. ஏழாவது கேள்விக்கு தர்ட்டீன். எட்டாவதுக்கு, கட்டணம் தவணையில். பட்டியலில் கட்டிலும் டிவியும் துணிமணியும் ஏறத்தாழ அதே விலையில் இருந்தன. பதின்மூன்றாவது வரியில் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார். மற்ற டிக்குகளைவிட அது கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருந்தது போல எனக்குப் பட்டது, ஸ்கேன் கோளாறாகவும் இருக்கலாம். அதிகாலை இரண்டே காலுக்கு முடித்து அனுப்பிவிட்டு, கணக்குத் தாளில் அந்த வரிக்கு ஆரஞ்சு பூசினேன்.